கரும்புத் தோட்டத்தில் ஜப்பானியர் ஆனவர்கள்: ஹவாயின் முதல் தலைமுறை

ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் தலைமுறை ஜப்பானியர்கள் தங்கள் பண்பாட்டை எப்படிக் காப்பாற்றினார்கள், எது நின்றது, எது போனது என்பது கேள்வி.

இதில் "காப்பாற்றினார்கள்" என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. கப்பல் ஏறும்போது அவர்கள் கையில் ஜப்பானியப் பண்பாடு என்று ஒரு மூட்டை இருக்கவில்லை. 1885இல் ஹிரோஷிமா விவசாயி ஒருவரிடம் "நீங்கள் யார்?" என்று கேட்டிருந்தால் ஊர்ப் பெயரைச் சொல்லியிருப்பார். மேலும் கேட்டால் மாகாணத்தின் பெயர் வந்திருக்கும். வேறு மாகாணமான குமமோட்டோக்காரர் பேசுவது அவருக்குப் பாதிதான் புரியும். இந்த இரண்டு பேரையும் ஒரே வரிசை வீட்டில் குடிவைத்து, ஒரே கூலி கொடுத்து, ஒரே பெயரால் ஏசி, "ஜப்பானியன்" ஆக்கியது தோட்டம்தான். அதனால் எது நின்றது என்பதற்கு விடை தேட ஜப்பானைவிடத் தோட்டத்து நடைமுறையைப் பார்ப்பதே சரி.

முதலில் போனவர்களின் கதை இதற்கு எதிர்மறைச் சான்று. 1868 மே மாதம் சியோட்டோ என்ற கப்பல் சுமார் 150 பேருடன் யோகோஹாமாவை விட்டுக் கிளம்பியது. புதிதாக வந்த மெய்ஜி அரசின் அனுமதி அதற்கு இல்லை. அது மெய்ஜி என்ற பேரரசர் ஆட்சிக்காலத்தின் முதலாம் ஆண்டு என்பதால் இவர்களுக்கு 'கன்னென்மோனோ', அதாவது முதலாண்டுக்காரர்கள், என்று பின்னால் பெயர் வந்தது. மூன்று வருட ஒப்பந்தம், மாதம் 4 டாலர். பலர் யோகோஹாமா நகரத்துத் தெருக்களில் ஆள் பிடிக்கப்பட்டவர்கள், கரும்பு வெட்டிப் பழகாதவர்கள். புகார்கள் கிளம்ப, அடுத்த வருடமே ஜப்பான் தூதரை அனுப்பிச் சுமார் 40 பேரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. தங்கியவர்களில் பலர் ஹவாய்ப் பெண்களை மணந்து அந்தக் குடும்பங்களில் கரைந்துபோனார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள், பூசாரி இல்லை, பள்ளி இல்லை, ஒரே ஊர்க்காரர்கள் என்ற திரளும் இல்லை. இவை இல்லாத இடத்தில் ஒரு தலைமுறைகூட எதுவும் தாங்காது.

அதன் பிறகு 17 வருடம் கதவு மூடியிருந்தது. 1881இல் உலகம் சுற்றக் கிளம்பிய ஹவாய் மன்னர் கலாகவுவா டோக்கியோவில் மெய்ஜிப் பேரரசரைச் சந்தித்து ஆள் கேட்டார். 1885 பிப்ரவரி 8 அன்று 'சிட்டி ஆஃப் டோக்கியோ' கப்பல் 940க்கும் மேற்பட்டோருடன் ஹொனலுலு வந்தது. இது அரசு ஒப்பந்தம்: மூன்று வருடம், மாதம் 26 நாள் வேலை, வயலில் 10 மணி நேரம், ஆலையில் 12 மணி நேரம். ஆணுக்குக் கூலி 9 டாலர், சாப்பாட்டுக்கு 6. பெண்ணுக்கு 6, சாப்பாட்டுக்கு 4. கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துத் தூதரகத்தின் மூலம் சேமிப்பில் போட்டார்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவதுதான் எல்லோருடைய கணக்கும். 1894 வரை 26 கப்பல்களில் சுமார் 29,000 பேர் வந்தார்கள். பெரும்பாலோர் ஹிரோஷிமா, யாமகுச்சி, குமமோட்டோ, ஃபுகுவோகா என்ற நான்கு மாகாணத்துக்காரர்கள். 1900 கணக்கெடுப்பில் ஹவாயின் 1,54,001 பேரில் 61,111 பேர் ஜப்பானியர்.

அந்த நான்கு மாகாணக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் விளங்கும். ஹவாயில் "ஜப்பானிய மொழி" என்று நிலைத்தது டோக்கியோவின் மொழி அல்ல. ஹிரோஷிமா, யாமகுச்சிப் பக்கத்துப் பேச்சு. அதன்மேல் தோட்டத்து மொழி ஏறியது. 1894இல் வந்த கிறிஸ்தவப் போதகர் ஒகுமுரா தாகியே ஒரு சிறுமியிடம் யாருடன் வந்தாய் என்று கேட்டபோது கிடைத்த பதில்: "மீ மாமா ஹனஹன யோ கோனாய்." 'மீ மாமா' ஆங்கிலம், என் அம்மா. 'ஹனஹன' ஹவாய் மொழி, வேலை. 'யோ கோனாய்' மேற்கு ஜப்பான் பேச்சு, வர முடியாது. 'அம்மாவுக்கு வேலை, வர முடியாது' என்பதற்கு நான்கைந்து சொல். அதற்குள் மூன்று மொழி. ஒகுமுரா இதைக் கேட்டு அதிர்ந்துபோனார், 1896இல் ஹொனலுலுவில் ஜப்பானிய மொழிப் பள்ளி தொடங்கினார். எனக்கென்னவோ அந்தக் குழந்தையின் இலக்கணம் குற்றமற்றதாகத்தான் தெரிகிறது: சொற்கள் எங்கிருந்து வந்தாலும் வினைமுற்று கடைசியில் ஜப்பானிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தோட்டத்தில் பெயர் செல்லாது. ஒவ்வொருவருக்கும் 'பாங்கோ' என்ற எண் பொறித்த உலோக வில்லை உண்டு. 'பாங்கோ' என்றாலே ஜப்பானிய மொழியில் எண்தான். சம்பளம் வாங்கவும் தோட்டக் கடையில் கடன் வாங்கவும் அதைக் காட்ட வேண்டும். வட்டம், சதுரம் என்று வில்லையின் வடிவத்தை வைத்தே எந்த இனம் என்று பிரித்த தோட்டங்களும் இருந்தன. 'லூனா' எனப்பட்ட மேற்பார்வையாளர் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒரே எண்ணாகக் கூப்பிடப்படுகிறவர்கள் வேலை முடிந்து முகாமுக்குத் திரும்பியதும் ஊர், குடும்பம், யாருடைய மகன் என்ற பெயர்களில் அவ்வளவு பிடிப்பாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

உடையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எது மாறும், எது நிற்கும் என்பது அதில் நன்றாகத் தெரியும். பெண்கள் கொண்டுவந்தது 'கசுரி' என்ற நீலப் பருத்திக் கிமோனோ. கிமோனோவில் வளைவு வெட்டே கிடையாது. சுமார் 36 செ.மீ. அகலத் துணியை நேர்கோட்டில் வெட்டி, நேர்கோட்டில் தைத்ததுதான். தையலைப் பிரித்தால் நீள்சதுரத் துண்டுகள் அப்படியே திரும்பக் கிடைக்கும். ஆகவே அதைப் பிரித்து இறுக்கமான கைவைத்த மேல்சட்டையாகத் தைப்பது சுலபம். கரும்புத் தோகையின் விளிம்பு ரம்பம் போல அறுக்கும், அதன் சுணை தோலில் ஏறினால் அரிக்கும். அதனால் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை கையுறை போல ஓர் உறை, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை 'கியாஹன்' என்ற கட்டு, பெருவிரல் பிரிந்த 'தாபி', முகத்தில் கண் மட்டும் தெரியும்படி ஒரு கைக்குட்டை, அதன்மேல் 'பாப்பாலே' எனப்பட்ட ஓலைத் தொப்பி. பாப்பாலே ஹவாய்ச் சொல். கியாஹனும் தாபியும் ஊரில் நடவுக்கும் நடைப்பயணத்துக்கும் போட்டவை. பயன் இருந்ததால் நின்றன. அகன்ற கை தோகையில் மாட்டியது, போயிற்று. மழைக்குச் சாதாரணத் துணியில் எண்ணெய் பூசிக் காயவைத்த அங்கி. துணியின் நிறமும் நெசவும் ஊருடையவை, வெட்டு தோட்டத்துடையது.

பாட்டும் அப்படியே. காய்ந்த தோகையை உரிப்பதற்கு ஹவாய் மொழியில் 'ஹோலேஹோலே'. பெரும்பாலும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. ஊர்ப்புறத்து வேலைப்பாட்டு மெட்டுகளில் சொந்தச் சொற்களைப் போட்டு அவர்கள் பாடியவற்றுக்கு 'ஹோலேஹோலே புஷி' என்று பெயர். புஷி என்றால் மெட்டு. கரும்பு வெட்டுவதற்கு அதில் வரும் சொல் 'கச்சிகென்'. 'கட் கேன்' என்ற ஆங்கிலம் ஜப்பானிய நாக்கில் உருண்டு அப்படி ஆனது. திரும்பிப் போவதா, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, அமெரிக்கக் கரைக்குத் தாண்டிவிடுவதா என்ற தவிப்பும், லூனாமீது எரிச்சலும், கணவனைவிட்டு ஓடிப்போவது பற்றிய கேலியும் இந்தப் பாட்டுகளில் வெளிப்படையாகவே உண்டு. நல்ல குடும்பத்தில் பாடக் கூடாதவை என்று பிள்ளைகளிடம் பலர் மறைத்தார்கள். அதனாலேயே பல வரிகள் அழிந்தன.

முகாமுக்குள் ஊர்க் கட்டமைப்பை மறுபடி எழுப்பியவை மூன்று: குளியல், சீட்டு, சாவு. மாலையில் பொதுக் குளியலறையான 'ஃபுரோ'. உடம்பை வெளியே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் சுடுநீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். தண்ணீரை யாரும் அழுக்காக்கக் கூடாது, எல்லோருக்கும் அதே தண்ணீர். பத்து மணி நேர வெயிலுக்குப் பிறகு அன்றைய செய்தி பரிமாறப்படுவது அங்கேதான்.

'தனோமோஷி' அப்படியே நம் ஏலச்சீட்டு. உதாரணமாக 20 பேர் மாதம் 5 டாலர் போட்டால் 100 டாலர். அவசரக்காரர் அதிக வட்டி சொல்லி எடுப்பார், கடைசி வரை பொறுப்பவருக்கு லாபம். வங்கிக்காரன் பாங்கோ எண்ணுக்குக் கடன் தரமாட்டான். கடை வைத்தவர்கள், மகனைப் படிக்க அனுப்பியவர்கள் பலருக்கு முதல் இப்படி வந்ததுதான். ஆபத்து என்ன? முதலில் எடுத்தவர் கம்பி நீட்டிவிட்டால் போச்சு. 1907 மார்ச்சில் ஹவாயிலிருந்து அமெரிக்கக் கரைக்குப் போவது தடுக்கப்படும் வரை கம்பி நீட்ட வழியும் இருந்தது. ஆகவே சீட்டு ஒரே மாகாணத்துக்காரர்களுக்குள், ஊரில் குடும்பம் தெரிந்தவர்களுக்குள் சுற்றியது. மாகாண அடையாளம் மங்காமல் இருந்ததில் ஏக்கத்துக்கு இருந்த பங்கைவிட இந்தக் கணக்கு வழக்குக்கு இருந்த பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

சாவு வீட்டுக்கு 'கோடென்' வரும், ஊதுபத்திப் பணம். யார் எவ்வளவு என்று நோட்டில் ஏறும், அந்த வீட்டில் சாவு விழும்போது திரும்பப் போகும். மொய் நோட்டு வைத்திருக்கும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சவப்பெட்டி, சமையல், தகவல் சொல்வது எல்லாவற்றையும் 'குமி' என்ற அண்டை வீட்டுக் குழு எடுத்துக்கொள்ளும். ஊரில் குமி என்பது பக்கத்து வீடுகள், பெரும்பாலும் சொந்தம். இங்கே அது முகாமில் பக்கத்தில் வந்து விழுந்தவர்கள், எந்த மாகாணமானாலும். பெயர் அதே, ஆட்கள் வேறு.

அதுவரை பெரும்பாலும் ஆண்கள் உலகம். 1900இல் நூற்றுக்குச் சுமார் 22 பேர்தான் பெண்கள். 1907–08இல் ஜப்பானும், அதற்குள் ஹவாயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்த அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்பாடு புதிய கூலியாட்களை நிறுத்தியது, ஏற்கனவே இருந்தவர்களின் குடும்பத்தை மட்டும் அனுமதித்தது. அந்தச் சந்து வழியே வந்ததுதான் 'புகைப்பட மணப்பெண்' முறை. தரகர் மூலம் படங்கள் கைமாறும். குடும்பங்கள் சம்மதித்ததும் பெண்ணின் பெயர் மாப்பிள்ளை வீட்டுக் 'கோசெகி' என்ற குடும்பப் பதிவேட்டில் ஏறும். ஜப்பானியச் சட்டத்துக்கு அவ்வளவே கல்யாணம். மாப்பிள்ளை இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பெயர் ஏறி ஆறு மாதம் கழிந்தால்தான் கடவுச்சீட்டு. கோளாறு படத்தில்தான்: பத்து வருடம் முந்தைய படம், இரவல் கோட்டு, சில சமயம் வேறொருவருடைய படம். துறைமுகத்தில் இறங்கி ஆளைத் தேடிய பெண்கள் பலருக்கு அப்பா வயதில் ஒருவர் நின்றிருந்தார். ஆனாலும் 1924இல் அமெரிக்கா கதவை முழுதாக மூடும் வரை நீடித்த இந்த வழிதான் திரும்பிப் போகும் கணக்கை உடைத்தது. பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளி வேண்டியிருந்தது, கோயில் வேண்டியிருந்தது.

பௌத்தப் பிக்கு ககாஹி சோர்யூ 1889இலேயே வந்து ஹீலோவில் சிறு கோயில் எழுப்பியிருந்தார். நிலையான மிஷனைக் கட்டியவர் இமாமுரா எம்யோ. 1900 முதல் 1932இல் சாகும் வரை ஹொங்வான்ஜி என்ற பௌத்தப் பிரிவின் ஹவாய்த் தலைவர். ஞாயிறு மட்டுமே விடுமுறை என்பதால் வழிபாடு ஞாயிறுக்கு வந்தது. தரையில் அமர்வதற்குப் பதில் வரிசைப் பலகைகள், ஆர்கன் இசையோடு பாடல், ஞாயிறு பள்ளி. கிறிஸ்தவத்தைக் காப்பியடித்ததாக இதை எழுதுகிறவர்கள் 1918இல் அவர் ஹொனலுலுவில் கட்டிய தலைமைக் கோயிலைப் பார்க்க வேண்டும். அது ஜப்பானியக் கூரையோடு இல்லை. இந்தியச் சாயலில் இருக்கிறது. பௌத்தம் ஜப்பானின் சொத்து அல்ல என்று அவர் தொடர்ந்து சொல்லிவந்தார். "அந்நிய மதம்" என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே பதில். வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவரான ஒகுமுராவின் மகிகி தேவாலயம் 1932இல் ஜப்பானியக் கோட்டை வடிவில் எழுந்தது.

'போன்' நடனம் இன்னும் தெளிவான உதாரணம். ஜப்பானில் அது முன்னோர் வீடு வரும் சில நாட்கள், அந்த ஊர்ப் பாட்டு, அந்த ஊர் ஆட்டம். ஹவாயில் வார இறுதி மட்டுமே ஓய்வு, பாடகரும் மேளக்காரரும் சிலரே. கோயில்கள் முறை வைத்துக்கொண்டன. சில நாள் விழா ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நீண்ட பருவமாயிற்று, இன்றும் அப்படித்தான். நடுவில் 'யகுரா' என்ற மேடைக் கோபுரம், சுற்றி வட்டமாக ஆட்டம். ஒரே இரவில் யாமகுச்சிப் பக்கத்து இவகுனி ஓந்தோ (ஓந்தோ என்றால் ஆட்டப்பாட்டு), வடக்கே இருந்து வந்த ஃபுகுஷிமா ஓந்தோ, பிறகு ஒகினாவா ஆட்டம் என்று மாறி மாறி வரும். ஜப்பானில் இப்படி ஓர் இரவு யாருக்கும் வாய்த்திருக்காது.

ஜப்பானின் தெற்குத் தீவுக்கூட்டமான ஒகினாவா என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அங்கிருந்து முதல் 26 பேர் வந்தது 1900 ஜனவரியில். மற்ற ஜப்பானியர் இவர்களைத் தங்களில் ஒருவராகச் சேர்க்கவில்லை. மொழி வேறு, பெண்களின் கைகளில் பச்சை, பன்றி வளர்ப்பு, மூன்றுக்கும் கேலி. பச்சை குத்திய கையை மறைத்தே வாழ்ந்த பெண்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர் ஒகினாவாவைச் சுடுகாடாக்கிய பிறகு, 1948இல் ஹவாய் ஒகினாவாக்காரர்கள் பணம் திரட்டி அங்கே அனுப்பியது 550 பன்றிகளை.

மொழிப் பள்ளிகளுக்குத் திரும்புவோம். பொதுப் பள்ளி முடிந்து மாலையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம். தொடக்கத்தில் ஜப்பான் கல்வி அமைச்சின் பாடநூல்களே. ஊர் திரும்பினால் பிள்ளை வகுப்பில் பின்தங்கக் கூடாது என்ற எண்ணம். தங்குவது உறுதியானதும் 1910களில் ஹவாய்க்கென்று நூல்கள் திருத்தப்பட்டன. பாடநூல் சொல்லித்தந்தது டோக்கியோத் தரமொழி. ஆக, அம்மாவோடு பேசுவதற்காக அனுப்பப்பட்ட பிள்ளை, அம்மா பேசாத மொழியைக் கற்றுத் திரும்பியது!

1920 முதல் ஹவாய் ஆட்சி இப்பள்ளிகளை நெரித்தது: நாளுக்கு ஒரு மணி, வாரத்துக்கு ஆறு மணி, ஆசிரியருக்கு அனுமதி, பிறகு மாணவருக்குத் தலைக்கு ஒரு டாலர் வரி. சமூகம் இரண்டுபட்டது. நிப்பு ஜிஜி இதழின் சோகா யாசுதாரோ போன்றவர்கள் வழக்கு வேண்டாம், பகை வளரும் என்றார்கள். ஹவாய் ஹோச்சி இதழின் ஃபிரெட் மகினோ நீதிமன்றம் போவோம் என்றார். இத்தனைக்கும் 1909 வேலைநிறுத்தத்தில் இருவரும் ஒன்றாகச் சிறை போனவர்கள். ஜப்பானியருக்கு மாதம் 18 டாலர், அதே வேலைக்குப் போர்த்துகீசியருக்கு 22.50 என்ற அநியாயத்துக்கு எதிரான நிறுத்தம் அது. 1927 பிப்ரவரி 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் பக்கம் தீர்ப்பளித்தது.

"கரைந்துவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள்" என்று நம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒசாவா தகாவோ வழக்கே போதும். ஹொனலுலுவில் வாழ்ந்த அவர் கலிஃபோர்னியாவில் படித்தவர். வீட்டில் ஆங்கிலம், தேவாலயம் அமெரிக்கத் தேவாலயம், பிள்ளைகளின் பெயரை ஜப்பானியத் தூதரகத்தில் பதியக்கூட இல்லை. 1922இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை மறுத்தது. அவர் நடத்தையில் குறையில்லை, வெள்ளையர் இல்லை, அவ்வளவுதான். முதல் தலைமுறைக்கு அந்த உரிமை 1952 வரை கிடைக்கவில்லை. பிள்ளைகளின் சிக்கல் நேர்மாறு: மண்ணில் பிறந்ததால் அமெரிக்கக் குடிமகன், அப்பன் வழியில் ஜப்பானியக் குடிமகன். 1924இல் ஜப்பான் சட்டம் மாறிய பிறகு, பிறந்து 14 நாளுக்குள் தூதரகத்தில் பதிந்தால்தான் ஜப்பானியக் குடியுரிமை நிற்கும். பதிவதா வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டே வாரத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

1941 டிசம்பரில் ஜப்பான் ஹவாயின் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய பிறகு மொழிப் பள்ளிகளும் பெரும்பாலான கோயில்களும் மூடப்பட்டன. பேரரசர் படம், கொடி, கடிதங்கள், சில வீடுகளில் பொம்மைகள்கூட எரிக்கப்பட்டன அல்லது புதைக்கப்பட்டன. பொதுவில் காட்டும் அடையாளங்கள் அப்போது போயின. குளியலும் கோடென் நோட்டும் மிசோ என்ற சோயா விழுதும் யார் கண்ணிலும் படாதவை என்பதால் தப்பின.

இந்தத் தலைமுறையின் ஆவணங்களைப் படிக்க முயல்பவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் சில. மெய்ஜி ஆண்டோடு 1867ஐக் கூட்டினால் பொது ஆண்டு வரும். மெய்ஜி 18 என்றால் 1885. ஆனால் 1872 முடியும் வரை ஜப்பானில் சந்திர நாட்காட்டி, எனவே அதற்கு முந்தைய பிறந்த தேதியை அப்படியே எடுக்கக் கூடாது. வயது பழைய முறையில் பிறந்தவுடன் ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். கப்பல் பட்டியலில் ஓரிரு வயது அதிகமாக இருந்தால் பொய் என்று நினைக்க வேண்டாம். அண்ணன் தம்பிக்குக் குடும்பப் பெயர் வேறாக இருந்தால், ஒருவர் பெண் வீட்டுக்குத் தத்துப் போயிருக்கலாம். பெயரை எழுதும் சீன வழி எழுத்துகள், அதாவது எழுத்துரு, தெரியாமல் ஒலியை மட்டும் வைத்துத் தேடினால் வேறு குடும்பத்தில் போய் நிற்பீர்கள்.

எழுத்துரு கிடைக்கும் நல்ல இடம் தோட்டத்துக் கல்லறை. பெயரும் இறந்த தேதியும் மட்டுமின்றி மாகாணம், வட்டம், கிராமம் வரை செதுக்கிய கற்கள் ஏராளம். கணவன் மனைவி கல்லில்கூட முதலில் ஊர்தான். அந்தக் கிராமத்தை இன்றைய வரைபடத்தில் தேடினால் பெரும்பாலும் இருக்காது. 1889இலும் 1950களிலும் நடந்த இணைப்புகளில் ஆயிரக்கணக்கான கிராமங்கள் பக்கத்து நகரங்களுக்குள் போய்விட்டன. அது எந்த நகரத்துக்குள் போனது என்று முதலில் பார்த்து, அந்த நகர அலுவலகத்துக்குக் கோசெகி கேட்டு எழுத வேண்டும். நேரடி வாரிசு என்பதற்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்று இணைக்க வேண்டும். 1872ஆம் ஆண்டுப் பதிவேடு யாருக்கும் தரப்படுவதில்லை. 1886 வடிவப் பதிவேடுதான் கேட்கக்கூடியவற்றில் மிகப் பழையது. அதற்கும் காலக்கெடு உண்டு. பதிவேட்டை மூடியதிலிருந்து 150 வருடம்தான் வைத்திருப்பார்கள். 2010க்கு முன்பு அது 80 வருடமாக இருந்ததால் சில அலுவலகங்கள் ஏற்கனவே அழித்துவிட்டன. அப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் கிராமத்தின் பெயர் எழுதியிருப்பது அந்தக் கல்லில் மட்டும்தான்.